மெய்நிகர் அறையில் ஒரு டம்ளரை எடுப்பது எப்படி?

உங்கள் எதிரே மேசை மேல் ஒரு டம்ளர் இருக்கிறது. தாகம் எடுக்கிறது. கை நீளுகிறது, விரல்கள் வளைகின்றன, டம்ளர் வாய்க்கு வந்துவிடுகிறது. இதற்காக யாரும் ஹெல்ப் மெனுவைத் திறந்து படிப்பதில்லை. இதே டம்ளரை கம்ப்யூட்டர் உருவாக்கிய ஒரு முப்பரிமாண அறைக்குள் வைத்துப் பாருங்கள். ஹெட்செட்டை மாட்டிக் கொண்டு நிற்பவர் கையை நீட்டுகிறார். டம்ளர் கைக்குள் புகுந்து மறுபக்கம் போகிறது. மறுபடி நீட்டுகிறார். மேசையே கைக்குள் புகுந்துவிடுகிறது. நான்காவது முயற்சியில் ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு, "எனக்கு இதெல்லாம் வராது சார்" என்கிறார்.

வராதது அவருக்கு அல்ல. அந்த அறையை வடிவமைத்தவர் ஒரு வேலையைச் செய்யாமல் விட்டிருக்கிறார். அது என்ன வேலை, அதை முன்கூட்டியே சோதித்துப் பார்ப்பது எப்படி என்பதே இந்தக் கட்டுரையின் பாடம். ஹெட்செட் இல்லாதவர்களும் செய்து பார்க்கக்கூடிய பயிற்சிகள் இதில் உண்டு. ஆகவே பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம்.

மெய்நிகர் சூழல்

விர்ச்சுவல் ரியாலிட்டி என்றதும் புத்தம் புதிய விஷயம் என்று நினைக்கிறோம். 1968-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் ஐவன் சதர்லேண்ட், தலையில் மாட்டும் திரை ஒன்றை உருவாக்கிவிட்டார். தலையைத் திருப்பினால் கோடுகளால் வரைந்த உருவமும் அதற்கேற்ப மாறும். தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை அளக்கும் கருவி மேற்கூரையிலிருந்து தொங்கியது. 1980-களில் ஜெரோன் லேனியரின் வி.பி.எல். நிறுவனம், விரல் அசைவை உணரும் டேட்டா க்ளவ் என்ற கையுறையை விற்றது. 1992-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் சிகாகோ வளாகத்தில், சுவர்களிலேயே படம் விழும் கேவ் என்ற அறை உருவாக்கப்பட்டது. வீட்டு உபயோகத்துக்கு இது வந்தது பிறகுதான். 2014-இல் கூகுளின் அட்டைப்பெட்டிக் கண்ணாடி, 2016-இல் ஆக்குலஸ் ரிஃப்ட், எச்.டி.சி. வைவ், 2019-இல் கம்ப்யூட்டருடன் வயர் இணைப்பு தேவைப்படாத ஆக்குலஸ் குவெஸ்ட் என வரிசையாக வந்தன.

ஹெட்செட் கட்டாயம் இல்லை. மவுஸும் கீபோர்டும் வைத்து நடமாடும் முப்பரிமாண விளையாட்டுகளும், 2003-இல் தொடங்கிய செகண்ட் லைஃப் போன்ற உலகங்களும் மெய்நிகர் சூழல்களே. பெரும்பாலான சிக்கல்கள் இரண்டுக்கும் பொது.

சாதாரண ஸ்க்ரீனுக்கு என்று பழகிப்போன வழக்கங்கள் இருக்கின்றன. ஐகானை டபுள் கிளிக் செய்தால் திறக்கும், மூலையில் உள்ள பெருக்கல் குறியை அழுத்தினால் மூடும். இதை யாரும் நமக்கு ஒவ்வொரு முறையும் சொல்வதில்லை. முப்பரிமாண உலகில் அப்படி எல்லோரும் ஒப்புக்கொண்ட வழக்கம் மிகக் குறைவு. ஒரு புரோகிராமில் டிரிக்கர் பட்டனை அழுத்தினால் பொருள் கைக்கு வரும். அடுத்த புரோகிராமில் அதே பட்டனை அழுத்தினால் நீங்களே வேறு இடத்துக்குப் போய் நிற்பீர்கள்!

இத்துறையில் நெடுங்காலம் ஆய்வு செய்துவரும் டக் போமேன் போன்றவர்கள், பயனாளர் செய்யும் வேலைகளைச் சில வகைகளாகப் பிரிக்கிறார்கள். ஒரு பொருளைத் தேர்ந்தெடுப்பது, அதைக் கையாள்வது, ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் பயணம் செய்வது, சேமி, அழி போன்ற கட்டளைகளைக் கொடுப்பது ஆகியவை முக்கியமானவை. டம்ளர் முதல் இரண்டு வகையில் வருகிறது. அதைத்தான் இங்கே விரிவாகப் பார்க்கப் போகிறோம்.

எட்டாத பொருளை எடுப்பது

டம்ளர் 5 மீட்டர் தள்ளி இருக்கிறது என்று வைத்துக் கொள்வோம். எளிய வழி, கையிலிருந்து ஒரு ஒளிக்கதிர் புறப்படுவது போலக் காட்டுவது. கதிர் எந்தப் பொருளில் படுகிறதோ அதுவே தேர்ந்தெடுக்கப்பட்ட பொருள். புரோகிராம் எழுதுவது சுலபம், புரிந்து கொள்வதும் சுலபம். ஆனால் இதில் ஒரு சங்கடம் உண்டு. அதை வீட்டிலேயே பார்த்துவிடலாம்.

ஒரு லேசர் பாயின்ட்டரை எடுத்துக் கொள்ளுங்கள். எக்காரணம் கொண்டும் யார் கண்ணிலும் படக்கூடாது. கண்ணாடி, பளபளப்பான பாத்திரம் இருக்கும் பக்கமும் வேண்டாம். சுவரில் தபால் தலை அளவுக்கு ஒரு காகிதத்தை ஒட்டுங்கள். 1 மீட்டர் தூரத்தில் நின்று சிவப்புப் புள்ளியைக் காகிதத்துக்குள் 2 விநாடி நிறுத்துங்கள். எளிதாக நிற்கும். இப்போது 5 மீட்டர் பின்னால் போய் அதையே செய்யுங்கள். புள்ளி காகிதத்தைச் சுற்றி ஆட்டம் போடும். காரணம் சாதாரணக் கணக்குதான். கை 1 டிகிரி அசைந்தால் 1 மீட்டர் தூரத்தில் புள்ளி 1.7 செ.மீ. நகரும். 5 மீட்டரில் அது 8.7 செ.மீ., 10 மீட்டரில் 17 செ.மீ.க்கு மேல். கையின் நடுக்கம் மாறவில்லை, தூரம் அதைப் பெருக்கிவிட்டது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. அதே கையில், பொத்தானை அழுத்தினால் முனை வெளியே வரும் பால்பாயின்ட் பேனா ஒன்றையும் சேர்த்துப் பிடித்துக் கொள்ளுங்கள். புள்ளியைக் காகிதத்தின் மேல் நிறுத்தி, கட்டைவிரலால் பேனாவின் தலையைச் சட்டென்று அழுத்துங்கள். அழுத்தும் அந்த நொடியில் புள்ளி துள்ளி வெளியே போகும். "சரியாகத்தான் காட்டினேன், ஆனால் வேறு பொருள் தேர்வாகிவிட்டது" என்று பயனாளர்கள் புலம்புவது இதனால்தான். அளக்கும் செயலே அளக்கப்படுவதைக் கலைத்துவிடுகிறது என்பதால், இயற்பியல் விஞ்ஞானி ஹைசன்பர்க்கின் பெயரையே இதற்கு வைத்துவிட்டார்கள். இதைச் சமாளிக்க வழிகள் இருக்கின்றன. பட்டன் அழுத்தப்பட்ட கணத்தில் கதிர் எங்கே இருந்தது என்பதற்குப் பதிலாக, அதற்குச் சற்று முன்பு எங்கே நிலையாக இருந்தது என்று புரோகிராம் பார்க்கலாம். அல்லது ஒரு கையால் குறி காட்டி, மறு கையால் பட்டனை அழுத்தச் சொல்லலாம். சிறிய பொருள்களைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத பெரிய எல்லை ஒன்றை வைப்பது மிகவும் மலிவான வைத்தியம்.

கதிர் வேண்டாம், கையையே நீளமாக்கிவிட்டால் என்ன? 1996-இல் ஐவன் பூபிரெவ் குழுவினர் இதைச் செய்தார்கள். கோ-கோ என்று பெயர். கை கால்களை நினைத்தபடி நீட்டும் இன்ஸ்பெக்டர் கேட்ஜெட் என்ற கார்ட்டூன் துப்பறிவாளரிடமிருந்து வந்த யோசனை இது. கையை உடம்புக்கு அருகில் வைத்திருக்கும் வரை, அதாவது கையின் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு வரை, மெய்நிகர் கை உண்மைக் கையைப் போலவே நகரும். அந்த எல்லையைத் தாண்டினால், தாண்டிய தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப நீளும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உங்கள் கையின் நீளம் 60 செ.மீ. எல்லை 40 செ.மீ. தாண்டிய தூரத்தை வர்க்கப்படுத்தி 6 ஆல் வகுத்துக் கூட்டுகிறோம் என்று வைத்துக் கொள்ளுங்கள். கையை முழுதாக நீட்டினால் 20 செ.மீ. தாண்டுகிறீர்கள். 20-இன் வர்க்கம் 400. 6 ஆல் வகுத்தால் ஏறக்குறைய 66.7. அதை 60 உடன் கூட்டினால் மெய்நிகர் கை 126.7 செ.மீ. தூரத்தில் இருக்கும். இரண்டு மடங்குக்கும் மேல்! ஆனால் 59 செ.மீ.க்கு இதே கணக்கைப் போட்டால் 119.2 வரும். அதாவது உண்மைக் கை கடைசி 1 செ.மீ. நகரும்போது மெய்நிகர் கை 7.5 செ.மீ. ஓடுகிறது. தூரத்தை வாங்கிக் கொண்டு துல்லியத்தைக் கொடுத்துவிட்டோம். இந்தத் துறையில் இலவசமாக எதுவும் கிடைப்பதில்லை என்பது என் அனுபவம்.

1997-இல் போமேனும் லாரி ஹாட்ஜஸும் இரண்டையும் கலந்தார்கள். தேர்ந்தெடுக்கக் கதிர், பிடித்த பிறகு கை. பொருள் பிடிபட்டதும் மெய்நிகர் கை பொருள் இருக்கும் இடத்துக்கே போய்விடும். இதற்கு முன்பே, 1995-இல், வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ராண்டி பாஷ் உள்ளிட்டோர் வேறு வழியில் யோசித்தார்கள். முழு அறையின் சின்ன பொம்மை மாதிரியை உங்கள் கையிலேயே கொடுத்துவிட்டார்கள். பொம்மை அறையில் நாற்காலியை நகர்த்தினால் உண்மை அறையிலும் நாற்காலி நகரும். கொலு வைக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை.

தொட்டது தெரிய வேண்டும்

டம்ளரைத் தொட்டவுடன் நம் விரலுக்குக் குளிர்ச்சி தெரியும், கனம் தெரியும். மெய்நிகர் டம்ளருக்கு இரண்டும் கிடையாது. ஆகவே கண்ணுக்கும் காதுக்கும் ஈடு கட்ட வேண்டும். கை நெருங்கும்போதே டம்ளரின் விளிம்பு ஒளிரட்டும். பிடித்தவுடன் ஒரு சின்ன சத்தம், கன்ட்ரோலரில் ஓர் அதிர்வு. உண்மைக் கை மேசைக்குள் போனாலும், மெய்நிகர் கை மேசைப் பரப்பிலேயே நின்றுவிடட்டும். கை எங்கே இருக்கிறது என்பதில் கண் சொல்வதை மூளை பெரும்பாலும் நம்பிவிடுகிறது.

2016-இல் வந்த ஜாப் சிமுலேட்டர் என்ற விளையாட்டில் ஒரு விசேஷம். தக்காளியை எடுத்தால் கை மறைந்துவிடும், தக்காளி மட்டும் மிதக்கும். விரல்கள் ஒவ்வொரு பொருளையும் எப்படிப் பற்றுகின்றன என்று வரைந்து மாளாது என்பதால் இப்படி ஒரு குறுக்கு வழி. விளையாடுபவர்களில் பலர் கை காணாமல் போனதைக் கவனிப்பதே இல்லை. எல்லாவற்றையும் அப்படியே நிஜம் போல வரைந்தால்தான் நம்புவார்கள் என்று நினைக்கும் புதியவர்கள் இதை ஒரு முறை பார்க்க வேண்டும்.

பயணமும் வாந்தியும்

மலைப்பாதையில் பஸ்ஸில் போகும்போது புத்தகம் படித்தால் சிலருக்குக் குமட்டும். உடம்பு அசைகிறது என்று உள்காது சொல்கிறது, புத்தகம் அசையவில்லை என்று கண் சொல்கிறது. மெய்நிகர் சூழலில் இது தலைகீழ். கண் ஓடுகிறது, உடம்பு நாற்காலியில் இருக்கிறது. ஜாய்ஸ்டிக்கைத் தள்ளி வழுக்கிக் கொண்டு போவது போன்ற பயணம்தான் அதிகம் பேரைப் படுத்துகிறது. தலை திரும்பிய பிறகு படம் தாமதமாகத் திரும்பினாலும் இதே கதைதான்.

உண்மையாகவே நடப்பது மிகவும் இயல்பானது. 1999-இல் வட கரோலினா, லண்டன் ஆய்வாளர்கள் சேர்ந்து வெளியிட்ட ஆய்விலும் நின்ற இடத்தில் காலை அசைப்பது, பட்டனால் பறப்பது ஆகியவற்றைவிட நிஜ நடையே எளிமையில் முன்னால் வந்தது. ஆனால் நம் வீட்டு ஹாலில் நாலு அடி வைத்தால் டி.வி. ஸ்டாண்டு! அதனால்தான் தரையில் ஓரிடத்தைக் காட்டி அங்கே தாவும் டெலிபோர்ட் முறை பரவலாயிற்று. நகரும் காட்சியே இல்லாததால் குமட்டல் குறைவு. ஆனால் தாவியவுடன் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறோம் என்று திகைக்க வேண்டியிருக்கும். வழுக்கும் பயணம்தான் வேண்டும் என்றால், நகரும்போது மட்டும் பார்வையின் ஓரங்களைக் கறுப்பாக்கிச் சுருக்கும் முறை இருக்கிறது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்து 2016-இல் வெளியிட்டார்கள். அதே ஆண்டு வந்த கூகுள் எர்த்தின் வி.ஆர். பதிப்பிலும் இத்தகைய வசதி இருந்தது.

தலைச்சுற்றல்தானே, கழற்றி வைத்தால் போயிற்று என்று சொல்லக்கூடும். எல்லோருக்கும் அப்படி இல்லை. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹண்டர் ஹாஃப்மேனும் டேவிட் பேட்டர்சனும் சியாட்டில் நகரின் ஹார்பர்வியூ மருத்துவமனையில் தீக்காயம் பட்டவர்களுக்காக ஸ்னோ வேர்ல்ட் என்ற பனி உலகைப் பயன்படுத்தினார்கள். புண்ணைச் சுத்தம் செய்யும்போதும், விறைத்த மூட்டுகளுக்குப் பயிற்சி கொடுக்கும்போதும் நோயாளியின் கவனம் பனிக்குள் போய்விடும். அப்போது உணரும் வலி குறைந்தது என்பது ஆய்வு முடிவு. இந்தச் சூழலை ஒரு வடிவமைப்பாளரின் கண்ணோடு பாருங்கள். பயனாளருக்குக் கையில் கட்டு இருக்கலாம், தலையை அதிகம் அசைக்க முடியாமல் இருக்கலாம். ஏற்கெனவே மருந்துகளால் வயிறு புரட்டிக் கொண்டிருக்கலாம். அதனால் அங்கே பயணம் நோயாளியின் பொறுப்பில் இல்லை. முன்பே தீர்மானித்த பாதையில் பனிப் பள்ளத்தாக்கு மெதுவாக நகரும். அவர் செய்ய வேண்டியது பனிமனிதர்கள் மேலும் பென்குவின்கள் மேலும் பனிப்பந்து எறிவது மட்டும். மற்ற வசதிகளை எல்லாம் எடுத்துவிட்டார்கள். ஒரு மெனு, ஒரு சிக்கலான பட்டன் கூடுதலாக இருந்தாலும் அதற்கான விலையை வலியில் இருப்பவர்தான் கொடுக்க வேண்டும்.

சோதனை செய்வோம்

இனி நம் வேலை. முதல் சோதனைக்கு கம்ப்யூட்டரே வேண்டாம். பழைய அட்டைப்பெட்டிகளால் மேசை, அலமாரி, டம்ளர் எல்லாம் செய்து ஓர் அறையில் வையுங்கள். வந்தவர் கையில் ஒரு குச்சியைக் கொடுத்து, அதுதான் கன்ட்ரோலர் என்று சொல்லுங்கள். உங்கள் நண்பர் ஒருவர் கம்ப்யூட்டராக நடிக்க வேண்டும். குச்சி டம்ளரைக் காட்டினால் அவர் டம்ளரைத் தூக்கிக் கொண்டு குச்சியின் பின்னாலேயே போவார். பொம்மலாட்டம் போலத்தான். இதற்கு ஓஸ் மந்திரவாதி முறை என்று பெயர். ஒரு வரி புரோகிராம் எழுதும் முன்பே, ஆட்கள் குச்சியை நீட்டுகிறார்களா, ஆட்டுகிறார்களா, வாயால் "இங்கே வா" என்கிறார்களா என்று தெரிந்துவிடும்.

அடுத்த கட்டத்துக்கு, வெப் பக்கம் எழுதத் தெரிந்தவர்கள் ஏ-ஃபிரேம் என்ற இலவச சாப்ட்வேரைப் பயன்படுத்தலாம். 2015-இல் மொசில்லாவில் உருவானது. எச்.டி.எம்.எல். போலவே டேக்குகள் எழுதினால் பிரவுசரில் முப்பரிமாண அறை தோன்றும்.

சோதனைக்கு எத்தனை பேர் வேண்டும்? ஐந்து பேர் போதும் என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1993-இல் நீல்சன், லாண்டவர் இருவரும் செய்த கணக்கிலிருந்து வந்தது இது. ஒரு குறை ஒருவர் கண்ணில் படும் வாய்ப்பு சராசரியாக 31 சதவீதம் என்றால், ஐந்து பேரும் சேர்ந்து ஏறத்தாழ 85 சதவீதக் குறைகளைக் காட்டிவிடுவார்கள். இதில் கவனிக்க வேண்டியது, இது குறைகளைக் கண்டுபிடிக்க மட்டுமே. கதிர் வேகமா, கோ-கோ வேகமா என்று தீர்ப்பு சொல்ல ஐந்து பேர் போதாது.

இரண்டு முறைகளை ஒப்பிடும்போது இன்னொரு பொறியும் இருக்கிறது. எல்லோருக்கும் முதலில் கதிரையும் பிறகு கோ-கோவையும் கொடுத்தால், இரண்டாவது முறைக்கு வரும்போது கை பழகியிருக்கும், அல்லது களைத்திருக்கும். கையை நீட்டியபடியே வைத்திருந்தால் சில நிமிடங்களில் தோள் வலிக்கத் தொடங்கும். ஆகவே பாதிப் பேருக்கு வரிசையை மாற்றிக் கொடுங்கள்.

வேலையைச் சொல்லும் விதம் மிக முக்கியம். "டிரிக்கரை அழுத்தி டம்ளரை எடுங்கள்" என்றால் விடையையே சொல்லிவிட்டீர்கள். "தாகமாக இருக்கிறது என்று வைத்துக் கொள்ளுங்கள், தண்ணீர் குடியுங்கள்" என்று மட்டும் சொல்லுங்கள். மனதில் தோன்றுவதை எல்லாம் உரக்கச் சொல்லச் சொல்லுங்கள். பிறகு நீங்கள் வாயை மூடிக் கொண்டு நிற்க வேண்டும். சொல்லப் போனால் இதுதான் ஆகக் கடினமான பகுதி. அவர் தவறான பட்டனைத் தேடும்போது "அது இல்லை, அடுத்தது" என்று நாக்கு நுனி வரை வரும். சொல்லிவிட்டால் அந்தக் குறை உங்கள் தாளில் பதிவாகாது. பெரியவர்கள் "தப்பா பண்ணிட்டேனா தம்பி?" என்று கேட்டால், "நீங்கள் சரியாகத்தான் செய்கிறீர்கள், நாங்கள் செய்ததைத்தான் பரிசோதிக்கிறோம்" என்று பதில் சொல்லுங்கள். இதைத் தொடங்கும் முன்பே ஒருமுறை சொல்லிவிடுவது நல்லது.

தாளில் நேரத்தையும் தவறுகளின் எண்ணிக்கையையும் குறித்தால் போதாது. கை முதலில் எங்கே போயிற்று, எப்போது பின்னால் நகர்ந்தார், எங்கே சிரித்தார் என்பதையும் எழுதுங்கள். முடிந்தால் ஸ்க்ரீனையும் ஆளையும் சேர்த்து வீடியோ எடுங்கள். ஹெட்செட்டுக்குள் என்ன தெரிகிறது என்பது மட்டும் இருந்தால் பாதிக் கதைதான்.

குமட்டலை அளக்க, கென்னடி குழுவினர் 1993-இல் வெளியிட்ட வினாத்தாள் இன்றும் பயன்படுகிறது. விமானப் பயிற்சி சிமுலேட்டர்களுக்காக வந்தது. தலைவலி, கண் சோர்வு, வியர்வை, குமட்டல் என 16 அறிகுறிகள். ஒவ்வொன்றுக்கும் இல்லை, கொஞ்சம், நடுத்தரம், அதிகம் என்று நான்கு நிலைகள். சோதனைக்கு முன்பும் ஒரு முறை கேளுங்கள். காலையிலிருந்தே தலைவலியோடு வந்தவரின் கணக்கை உங்கள் புரோகிராமின் தலையில் எழுதக் கூடாது அல்லவா?

பாதுகாப்பைப் பற்றி இரண்டு வார்த்தை. "கொஞ்சம் ஒரு மாதிரி இருக்கு" என்று சொன்ன உடனே நிறுத்துங்கள். பழகிவிடும் என்று தொடரச் சொல்லாதீர்கள். உட்கார வைத்துத் தண்ணீர் கொடுங்கள், தெளியும் வரை வண்டி ஓட்டிக் கொண்டு போக விடாதீர்கள். குழந்தைகள் என்றால் சாதனத்தோடு வரும் குறிப்பில் உள்ள வயது வரம்பைப் பாருங்கள். சோதனை நேரத்தில் சீலிங் ஃபேன் தாழ்வாக இருந்தால் அதை நிறுத்திவிடுங்கள். ஹெட்செட் போட்டவர் கையை உயர்த்தும்போது அவருக்கு ஃபேன் தெரியாது.

கடைசியாக ஒரு மதிப்பெண். ஜான் ப்ரூக் உருவாக்கிய எஸ்.யு.எஸ். அளவுகோலில் 10 வாக்கியங்கள் உண்டு. ஒற்றைப்படை வாக்கியங்கள் புகழ்பவை, இரட்டைப்படை வாக்கியங்கள் குறை சொல்பவை. ஒவ்வொன்றையும் எவ்வளவு ஒப்புக் கொள்கிறார் என்று 1 முதல் 5 வரை போடச் சொல்லுங்கள். ஒற்றைப்படைக்கு அவர் போட்டதில் 1 கழியுங்கள். இரட்டைப்படைக்கு 5-இலிருந்து அவர் போட்டதைக் கழியுங்கள். எல்லாவற்றையும் கூட்டி 2.5 ஆல் பெருக்கினால் 0 முதல் 100 வரை ஓர் எண் வரும். இது சதவீதம் அல்ல. பல்வேறு சாப்ட்வேர்களைப் பார்த்ததில் சராசரி 68 அளவில் இருக்கிறது. எண் எவ்வளவு வந்தாலும் உங்கள் கையெழுத்துக் குறிப்பையும் அதன் பக்கத்தில் வையுங்கள். 75 போட்டவரே டம்ளரை எடுக்க ஆறு முறை முயன்றிருப்பார். வீட்டுக்கு வந்தவரைப் புண்படுத்த வேண்டாம் என்று நம் ஊரில் தாராளமாக மார்க் போடுவார்கள்.

ஐந்து பேரின் தாள்களையும் தரையில் வரிசையாகப் பரப்புங்கள். மூன்று பேருக்கு மேல் தடுமாறிய இடத்தைச் சிவப்பு மையில் வட்டமிடுங்கள். அதில் முதல் ஒன்றை மட்டும் திருத்துங்கள். டம்ளரைச் சுற்றியுள்ள எல்லையை 5 செ.மீ. பெரிதாக்குவது போன்ற சின்ன மாற்றமாகவே அது இருக்கட்டும். பிறகு இதுவரை அந்த அறையைப் பார்த்திராத வேறு ஐந்து பேரை அழையுங்கள்.